மல்லார்டா, ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனா?

இரண்டும் பிரிட்டனின் பழைய நீராவி ரயில் எஞ்சின்கள். பட்ஜெட்டில் ஒரு மாடல் எஞ்சினுக்குத்தான் இடம் இருந்தது. நீல மல்லார்டா, பச்சை ஸ்காட்ஸ்மேனா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுப் பச்சையை வாங்கினேன். "வேகத்துல ஜெயிச்சது நீலம்தானே?" என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

வேகத்தில் போட்டியே இல்லை. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் தொட்டது மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கி.மீ. நீராவி எஞ்சின்களில் இன்றும் அதுதான் சாதனை. ஸ்காட்ஸ்மேன் 1934 நவம்பர் 30-ல் தொட்டது 100 மைல். சிட்டி ஆஃப் ட்ரூரோ என்ற எஞ்சின் 1904-லேயே நூறைத் தாண்டியதாகச் சொல்வார்கள். ஆனால் அது ஸ்டாப்வாட்ச் கணக்கு, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஸ்காட்ஸ்மேனுக்கு வேகம் பதியும் டைனமோமீட்டர் பெட்டியே சாட்சி.

பெயர் விஷயம் வேடிக்கை. மல்லார்ட் என்றால் ஒரு காட்டு வாத்து. இரண்டையும் வடிவமைத்த நைஜல் கிரெஸ்லி, வீட்டு அகழியில் நீர்ப்பறவைகள் வளர்த்தவர். ஸ்காட்ஸ்மேனுக்கோ இரவல் பெயர். 1923-ல் டான்காஸ்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதற்குப் பெயரே கிடையாது. மறுவருடம் வெம்ப்ளி கண்காட்சிக்கு அனுப்பும்போதுதான், லண்டன்–எடின்பரோ ரயிலின் பெயரை எடுத்துச் சூட்டினார்கள். ரயில் எது, எஞ்சின் எது என்ற குழப்பம் அன்று தொடங்கியது!

சரி, பச்சை ஏன்? சாதனை வேகத்தைத் தொட்ட பிறகு என்ன ஆனது என்று பார்த்தேன். இரண்டு சாதனையும் லிங்கன்ஷயரின் ஸ்டோக் இறக்கத்தில் நடந்தவைதான். தன் சாதனை ஓட்டத்தில் மல்லார்டின் நடு சிலிண்டருக்கான பெரிய பேரிங் சூடேறிக் கெட்டது. பீட்டர்பரோவில் மல்லார்டைக் கழற்றிவிட்டு, வேறு எஞ்சின் பூட்டித்தான் ரயிலை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்ஸ்மேனோ தன் சாதனை நாளன்று காலை லண்டனிலிருந்து லீட்ஸ் வரை 186 மைலை 152 நிமிடத்தில் ஓடி முடித்து, திரும்பும் வழியில் ஆறு பெட்டிகளோடு நூறைத் தொட்டு, தானே லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம் வந்து சேர்ந்தது. 1989-ல், 66 வயதில், ஆஸ்திரேலியாவில் 422 மைல் நிற்காமல் ஓடியதும் இதே எஞ்சின். எனக்கு அந்தத் தாக்குப்பிடித்தல்தான் பெரிது.

மல்லார்ட் மாடலை நான் ஓட்டியதில்லை. சக்கரத்தை மூடும் அதன் பக்கத் தகடு சின்ன வளைவுகளில் உரசுமா என்று வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். பச்சை இதுவரை தடம் புரளவில்லை. சக்கரத்தில் சிக்கும் தலைமுடியை மட்டும் வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கிறது.