டம்ளரா, கப் செட்டா, தராசா?

இட்லிக்கு நாலுக்கு ஒன்று. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. டம்ளர் எத்தனை மில்லி என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். அரிசியும் உளுந்தும் டம்ளருக்கு டம்ளர் ஏறக்குறைய ஒரே எடைதான். 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து என்று நிறுத்துப் போட்டாலும் அதே மாவுதான் கிடைக்கும். ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்தே பழகிய சமையலுக்குத் தராசு தேவைப்படாததில் வியப்பில்லை.

மைசூர்பாகுக்கு வந்தால் அந்த வசதி போய்விடுகிறது. ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு கப் சர்க்கரை என்பது பல வீடுகளின் கணக்கு. 240 மில்லி கப்பில் கடலை மாவு 90 முதல் 100 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரையோ சுமார் 200 கிராம். எடையில் பார்த்தால் அது ஒன்றுக்கு நான்கு! ‘ஒன்றுக்கு இரண்டு’ என்பதை அப்படியே தராசுக்குக் கொண்டுபோய் 100 கிராம் மாவும் 200 கிராம் சர்க்கரையும் நிறுத்தால், சேர்வது பாதிச் சர்க்கரைதான். கப்பில் சொன்ன கணக்கைக் கப்பிலேயே அளப்பது நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

கப் செட்டை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் ஜப்பானியக் கப் 180 மில்லி. அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். டேபிள் ஸ்பூன்கூட ஆஸ்திரேலியாவில் 15 அல்ல, 20 மில்லி. எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளக்கும்வரை இது தொல்லையில்லை. ‘இரண்டு முட்டை’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போச்சு: கப் பெரிதானாலும் முட்டை பெரிதாகாது.

மைதா இன்னும் மோசம். ஸ்பூனால் அள்ளிப்போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் 120, 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி முகந்தால் 150 கிராமை எட்டும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் மாவு. கேக் வறண்டுபோக இதுவே போதும். கேக், பிஸ்கட், ரொட்டி என்றால் என் ஓட்டு தராசுக்குத்தான். தேங்காய்த் துருவல், பொடித்த வெல்லம், கல்லுப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. அழுத்தினால் ஒரு அளவு, தளர்வாகப் போட்டால் வேறு அளவு; கல்லுப்பில் கல்லின் பருமனைப் பொறுத்து அளவு மாறும்.

அதே தராசு அரை டீஸ்பூன் சோடா உப்பின் முன் தடுமாறும். அது இரண்டரை கிராம்கூட இருக்காது. ஒவ்வொரு கிராமாக மட்டுமே காட்டும் வீட்டுத் தராசு 2 என்றும் சொல்லும், 3 என்றும் சொல்லும். இங்கே ஸ்பூனே மேல்.

எண்ணெய்க்குத் தனி எச்சரிக்கை: ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, சுமார் 910 கிராம். தண்ணீருக்கு மட்டுமே மில்லியும் கிராமும் ஒன்று; பாலுக்குக் கிட்டத்தட்ட ஒன்று.

தராசு வாங்கினாலும் டம்ளரைத் தூக்கிப் போட வேண்டாம். வழக்கமாகப் புழங்கும் டம்ளரில் அரிசி, ரவை, மைதா, சர்க்கரை ஒவ்வொன்றையும் தலை தட்டி நிரப்பி ஒருமுறை நிறுத்து, எடையை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் டம்ளருக்கு இணையத்துப் பட்டியல்களைவிட அதுவே சரியாக இருக்கும்.