டிசம்பர் சபாவா, திருவையாறா?

லீவு கொஞ்சம்தான், சென்னையின் சபாக்களில் (இசை மன்றங்களில்) நடக்கும் டிசம்பர் கர்நாடக இசைக் கச்சேரிகளுக்குப் போவதா, திருவையாற்றில் இசைமேதை தியாகராஜரின் நினைவாக நடக்கும் ஆராதனைக்குப் போவதா என்று தவிப்பவர்களுக்கு:

செலவு: சென்னையில் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும், இளையவர்கள் பாடும் பிற்பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். தியாகராஜர் ஆராதனைக்குக் கட்டணமே இல்லை. பக்கத்திலுள்ள தஞ்சாவூரில் தங்கும் செலவுதான்.

வசதி: சபாவில் ஏ.சி., நாற்காலி, கேன்டீன் (அதற்காகவே வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்). திருவையாற்றின் காவிரிக் கரையில் பந்தல், தரை, நெரிசல்.

பாட்டு: உண்மையான வேறுபாடு இங்கேதான். சபாவில் ஒருவரே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடுவார். ஒரே ராகத்தை விரிவாகக் கற்பனையோடு பாடும் ராகம் தானம் பல்லவிக்கு இடமுண்டு. ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே. ஆனால் தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமிக் காலையில், நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவதை எந்த அரங்கிலும் கேட்க முடியாது.

நிதானமான ஆலாபனை (சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவது) வேண்டுவோர் சென்னைக்கு. கூடவே பாடத் துடிப்பவர்கள் திருவையாற்றுக்கு.