சிறு கிளினிக்கில் ஒரு மூன்று சேனல் இசிஜி கருவி: எட்டு மாத அனுபவம்

நாளொன்றுக்கு ஆறேழு பேருக்கு இசிஜி எடுக்கும் எங்கள் கிளினிக்கிற்கு, பேட்டரியிலும் இயங்கும் மூன்று சேனல் கருவி (ஒரே நேரத்தில் மூன்று கோடுகளைப் பதிவது) ஒன்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பேட்டரிக்காகவே இதை வாங்கலாம். முதல் வாரத்தில் எடுத்த வரைபடங்களில், ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு நுண்ணலைகள் நெருங்கி, கோடு முழுவதும் மை கசிந்ததுபோல் தடித்துத் தெரிந்தது. விநாடிக்கு 25 மி.மீ. ஓடும் தாளில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அப்படித்தான் பதியும். பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் கோடு தெளிந்தது. எர்த் சரியில்லாதது எங்கள் கட்டடத்தில்தான். அதற்குக் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது.

உடன் வந்த துணைப் பொருள்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. மார்பில் ஒட்டும் ரப்பர் பல்புகள் மூன்றே மாதத்தில் பிடிப்பை இழந்தன. வலக்கைக்கான சிவப்பு வயர், கிளிப்போடு சேரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்துபோனது. புதிய கேபிள் கேட்டுச் சொல்லியனுப்பியும், விற்றவர் அதைக் கொண்டுவர மூன்று வாரங்கள் ஆயின. ஆகவே கருவியோடு கூடுதலாக ஒரு கேபிளையும் சேர்த்து விலை பேசுங்கள்.

பல்புகளுக்கு அடியில் தடவும் இசிஜி ஜெல் தீர்ந்த ஒரு நாளில் ஸ்கேன் ஜெல்லைத் தடவிப் பார்த்தோம். அதில் மின்சாரத்தைக் கடத்தும் உப்பு இல்லாததால் வரைபடம் தள்ளாடியது. சலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சே மேலான மாற்று என்று கண்டுகொண்டோம். ஆனால் மார்பில் பக்கத்துப் பக்கத்துப் பல்புகளின் ஈரம் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அவை தரும் வி2, வி3, வி4 பதிவுகள் மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். திருநீறும் சந்தனமும் பூசி வரும் பெரியவர்களின் மார்பை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிடுவது எங்கள் சிஸ்டரின் வழக்கம். கோட்டைச் சீராக்கக் கருவியில் இருக்கும் எந்த வடிகட்டியையும்விட அது அதிகம் உதவுகிறது.

வடிகட்டிகளில் இரண்டை அணைத்துவைத்திருக்கிறேன். தசை நடுக்கத்தை அழிப்பது, ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்முனையான க்யூஆர்எஸ்ஸின் உயரத்தைக் குறைக்கிறது. அடிக்கோட்டை நேராக்குவதோ, அதை அடுத்து வரும், மாரடைப்பை நாம் தேடும் எஸ்டி பகுதியையே திரித்துக் காட்டக்கூடும். கருவி தானாக அச்சிடும் நோய்க்கணிப்பை நான் படிப்பதில்லை. வலக்கையின் சிவப்பு, இடக்கையின் மஞ்சள் கிளிப்புகள் கைமாறி, இரு கைகளுக்கிடையே பதியும் முதல் லீட் தலைகீழாகவும், வழக்கமாகத் தலைகீழாக வரும் ஏவிஆர் லீட் நிமிர்ந்தும் வந்த ஒரு வரைபடத்தில்கூட இது பிழையைச் சுட்டிக்காட்டவில்லை.

பெங்களூருவில் ஜிஇ நிறுவனம் மேக் 400 கருவியை வடிவமைத்தபோது, பேருந்துச் சீட்டு அச்சிடும் சிறு அச்சுப்பொறியைத் தழுவி விலையைக் குறைத்தது. எங்கள் கருவியின் அச்சுப்பொறியும் ஏறக்குறைய அந்த அளவுதான். 20 மீட்டர் ரோல் ஒன்றில், ஆளுக்கு 30 செ.மீ. என்று பார்த்தால், 60 பேருக்கு மேல் எடுக்கலாம். வெப்பத்தாள் நாளடைவில் வெளுத்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் அன்றே கைபேசியில் படமெடுத்து வைக்கிறோம். அதே படத்தைத்தான் அவசரத்தில் பெரிய மருத்துவமனைக்கும் அனுப்புகிறோம்.