காயத்துக்குக் கிடைத்த பதக்கம்: 1918, 1939, 1957, எதை வாங்கலாம்?

பதக்கம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, ஜெர்மானியக் காயப் பதக்கம் நாடாவில் தொங்குவதில்லை. இடது மார்பில் ஊசியால் குத்திக்கொள்ளும், இலைவளையத்துக்குள் தலைக்கவசம் பொறித்த நீள்வட்டத் தகடு அது. உயரம் சுமார் 44 மி.மீ. போரில் காயம்பட்டவர்களுக்காக 1918 மார்ச் 3 அன்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இதை ஏற்படுத்தினார். ஒன்றிரண்டு காயத்துக்குக் கருப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்கம். வெள்ளியும் தங்கமும் வெறும் நிறம்தான். உருக்கினால் குண்டுமணிகூடத் தேறாது.

புதிதாகச் சேகரிக்க வருபவருக்கு என் ஓட்டு 1918 கருப்புக்குத்தான். முதல் உலகப்போரில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள் காயமடைந்தார்கள். அதனால் பொருளுக்குப் பஞ்சமில்லை, விலையும் கைக்கு அடக்கம். பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகட்டில் அச்சுக்குத்தியது. திருப்பிப் பார்த்தால் முன்பக்க உருவமே குழிவாகத் தெரியும். நெஞ்சில் உரசி உரசி, தலைக்கவசத்தின் மேட்டில் கருப்புச் சாயம் போயிருக்கும். அந்தத் தேய்மானம்தான் அழகு. அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹிட்லர் என்ற சாதாரணச் சிப்பாய்க்கு 1918 மே மாதம் கிடைத்ததும் இதே கருப்புதான்.

கடற்படைக்கான வடிவம் அதே ஆண்டு ஜூனில் வந்தது. தலைக்கவசத்துக்குப் பதில் நங்கூரம், இலைவளையத்துக்குப் பதில் சங்கிலி. பார்க்க அழகு, கிடைப்பது அரிது. அரிது என்றாலே போலி வந்துவிடும். முதல் கொள்முதலுக்கு வேண்டாம்.

இரண்டாம் உலகப்போருக்கான 1939 பதக்கத்தில் புதிய வகைத் தலைக்கவசமும் அதன்மேல் ஸ்வஸ்திகாவும் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு இதில் தீனி அதிகம். கருப்பில் முதலில் பித்தளை, பிறகு எஃகு. வெள்ளி, தங்கத்தில் முதலில் டோம்பாக் என்ற செம்புக் கலவை, போர் நீள நீளத் துத்தநாகம். துத்தநாகத்தின் மேல் பூச்சு நிற்காது. சாம்பல் நிறமாகிப்போன ‘தங்க’ப் பதக்கங்கள் ஏராளம். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக ஒன்றைப் போலி என்று தள்ளவும் கூடாது, ஒட்டியதற்காக அசல் என்று நம்பவும் கூடாது. பின்பக்கத்து எண்ணைப் பாருங்கள்: 30 என்றால் வியன்னா நாணயச்சாலை, 4 என்றால் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனம். ஆனால் எண்ணைப் பொறிக்கப் போலிக்காரருக்கும் தெரியும்.

இதிலேயே உச்சம், 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டில் அடிபட்ட 24 பேருக்கான தனிப் பதிப்பு. தேதியும் ஹிட்லரின் கையெழுத்தும் பொறித்தது. இணையத்தில் ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

ஸ்வஸ்திகா உள்ள பொருளை வீட்டில் வைக்க மனம் ஒப்பாதவருக்கு 1957 பதிப்பு இருக்கிறது. மேற்கு ஜெர்மனி அந்த ஆண்டு ஜூலையில் இயற்றிய சட்டம், ஸ்வஸ்திகாவை நீக்கிய வடிவத்தில் பழைய விருதுகளை அணியலாம் என்றது. விலை குறைவு, சங்கடமும் குறைவு. ஆனால் போர் முடிந்து 12 ஆண்டுக்குப் பின் வந்த தகடு. குண்டுச் சத்தத்தை அது கேட்டதில்லை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

கருப்பா, தங்கமா என்ற கேள்விக்கு என் அனுபவம் ஒன்று போதும். ஒருமுறை ‘1918 தங்கம்’ என்று காசு கொடுத்து வாங்கினேன். வீட்டில் விளக்கடியில் ஊசியைத் தூக்கிப் பார்த்தால், கீல் மறைவில் பழைய கருப்புச் சாயம் எட்டிப்பார்த்தது.

தங்கத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 1939 காலத்து விருதுச் சான்றிதழ் ஒன்றைத் தேடுவது மேல். பதக்கத்தில் பெயர் கிடையாது. யாருடையது என்று எந்த விற்பனையாளரும் கதை கட்டலாம். சான்றிதழில் பெயர், பதவி, படைப்பிரிவு, காயம்பட்ட நாள், எத்தனையாவது காயம் என்பதுவரை இருக்கும். பதக்கத்தையும் சான்றிதழையும் ஜோடியாக விற்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பல நேரம் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவர் கடைக்காரர்தான்.