அப்பாவுக்கு நாகேஷ் படம் ஓடணும்: ஃபைபரா, ஏர்ஃபைபரா?

வீட்டுக்கு நெட் போடணும், வயர்ல வர்ற ஃபைபரா இல்ல மொட்டைமாடில டப்பா மாட்டுற 5ஜி ஏர்ஃபைபரான்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டீங்க. நான் ரெண்டும் வச்சுப் பாத்துட்டேன், தினமும் ராத்திரி அப்பாவுக்கு நாகேஷ் படம் ஓடணும், அதான் என் டெஸ்ட்டே.

காசு: எதப் போட்டாலும் விளம்பரத்துல போடுற ரேட்டுக்கு மேல 18% ஜிஎஸ்டி தனி, மறந்துடாதீங்க.

தடங்கல்: இங்கதான் விஷயமே இருக்கு. காதலிக்க நேரமில்லை (1964) படத்துல பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்ற சீன், கதவு கிறீச்சுன்னு தொறக்கற சத்தம் வர்ற நேரம் ஏர்ஃபைபர்ல படம் நின்னுடுச்சு, நாகேஷ் வாயத் தொறந்தபடி நிக்கிறாரு, வட்டம் சுத்துது, அப்பா டிவிய விட்டுட்டு என்னையவே முறைக்கிறாரு. ராத்திரி ஒரே டவர்ல எல்லாரும் ஏறுனா அப்படித்தான் ஆகும். ஃபைபர்ல அந்தத் தொல்லை இல்ல, ஆனா ரோட்டத் தோண்டுனா போச்சு, எங்க தெருவுல மழைநீர் கால்வாய் வெட்டுனப்ப மூணு நாள் நெட்டே இல்ல.

மாட்டுறது: ஏர்ஃபைபர் ஒரு மணி நேர வேலை. ஃபைபர்னா உங்க தெருவுக்கு கேபிள் வந்திருக்கணும்.

கரண்ட்: போனா ரெண்டும் போகும், உங்க டப்பாவுக்கு ஏத்த மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.

அடிக்கடி வீடு மாத்துறவங்க, கேபிளே வராத ஏரியாக்காரங்க ஏர்ஃபைபர் போடுங்க. வீட்டுல பழைய படம் பாக்குற பெரியவங்க இருந்தா கண்ண மூடிட்டு ஃபைபர்தான், நான் மாத்திட்டேன், இப்ப அப்பா சர்வர் சுந்தரத்துல இருக்காரு.