ஆர்எக்ஸ் 100-க்கு என்ஜிகே சாதா பிளக்கே போதும்

இரிடியம் நுனி வைத்த ஸ்பார்க் பிளக் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் போட்டு ஓட்டினேன். மார்கழிக் காலையிலும் ஒரே கிக்கில் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் என் யமஹா ஆர்எக்ஸ் 100-ல் இப்போது இருப்பது என்ஜிகே கம்பெனியின் சாதா பிளக், பி8ஹெச்எஸ். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றி, காற்று ஸ்க்ரூ திருகிப் பார்க்கிறவன் பிளக்கை அடிக்கடி கழற்றுவான்; பெட்ரோல்-காற்றுக் கலவை சரியா என்பதை அதன் நிறத்தை வைத்துத்தான் பார்ப்பான். ஏற்கெனவே கரி பிடித்த பிளக்கில் புது நிறம் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டுப் பார்க்க வேண்டும். இரிடியம் விலைக்கு அது கட்டுப்படியாகுமா? அதன் நடுமுனை வெறும் 0.6 மி.மீ. தடிமன், தேய்த்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை.

நிறம் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சிக்னலில் உறுமிக்கொண்டு நின்று வீட்டுக்கு வந்து கழற்றினால் எல்லா பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். பிளக்கின் நடுமுனையைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பீங்கான் சுமார் 450 டிகிரி சூடு ஏறினால்தான் தன் கரியைத் தானே எரிக்கும். அதனால் காலி ரோட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர், அப்படியே கிளட்சைப் பிடித்து சாவியை ஆஃப் செய்து ஓரங்கட்டிக் கழற்ற வேண்டும். கைக்குத் துணி முக்கியம்.

பிஸ்கட் நிறம் என்றால் நிம்மதி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். சோக், ஏர் ஃபில்டர், மெயின் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள். ஈரமாக எண்ணெய் வழிந்தால் ஆயில் பம்ப் செட்டிங்கை எல்லோரும் பார்ப்பார்கள். கூடவே கியர் ஆயில் குறைகிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் பக்க ஆயில் சீல் போயிருந்தால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாக விடும். எதிர்ப்பக்கம், மேக்னெட் சீல் போனால் கதையே வேறு. அங்கே காற்று புகுந்து கலவை மெலியும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது, பிளக் சுண்ணாம்பாக வெளுக்கும். கரியை விட நான் பயப்படுவது இந்த வெள்ளைக்குத்தான். பீங்கானில் பளபளவென்று பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம்; வண்டியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

பழைய பிளக் நிற சார்ட்டில் இருக்கிற அழுத்தமான காப்பி நிறத்தைத் தேடி ஜெட்டை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அந்தப் படங்களில் பல, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. 2000-ல் இந்தியாவில் அது நின்றுபோனது. இன்றைய பெட்ரோலில் நல்ல கலவைகூட வெளிறித்தான் தெரியும். இப்போது 20 சதவீத எத்தனால் வேறு. கார்பரேட்டர் வண்டியில் அதே ஜெட்டுக்கு அது கலவையை இன்னும் மெலிய வைக்கிறது. அதனால் பீங்கானின் நுனியோடு விட்டுவிடாமல், டார்ச் அடித்து உள்ளே அடிவாரத்தில் படிகிற புகை வளையத்தையும் பார்க்கிறேன்.

கடையில் "அதே சைஸ்தான் சார்" என்று வேறு நம்பரை நீட்டுவார்கள். என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும். பாஷ் பிளக்கில் தலைகீழ், எண் ஏறினால் சூடு. என்ஜிகே நம்பரில் 'ஹெச்' என்றால் மரை நீளம் 12.7 மி.மீ., 'இ' என்றால் 19. அந்த நீளத்தை இந்த ஹெட்டில் போட்டால் பிஸ்டன் போய் முட்டும்.

போலியும் நிறைய சுற்றுகிறது. அசலில் வாஷர் லேசில் கழன்று வராது, மரை வழவழப்பாக இருக்கும். குறை என்று சொன்னால், ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுபவர்களுக்கு இந்த 8 சீக்கிரம் கரி பிடிக்கும். அவர்கள் 7 போடலாம். கரியை எடுக்கக் கம்பி பிரஷ் வேண்டாம். பீங்கானில் அது இழுக்கும் உலோகக் கோட்டின் வழியாகவே கரண்ட் கசியும்.

மாட்டும்போது கையால் கடைசிவரை திருகிவிட்டு, புது வாஷர் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழைய வாஷருக்கு அவ்வளவு வேண்டாம், லேசாக ஒரு இழுப்பு போதும். ஹெட் அலுமினியம், மரை போனால் லேத்காரர் கேட்கிற காசுக்கு ஒரு டப்பா பிளக் வாங்கிவிடலாம்.