மஞ்சப்பை, ஒயர் கூடை, எவர்சில்வர் டப்பா: மூன்று வருடம் புழங்கியதில் தெரிந்தது

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்க இரண்டு துணிப்பை, ஒரு ஒயர் கூடை, மூடி இறுகும் ஒரு எவர்சில்வர் டப்பா போதும். அதற்கு மேல் வாங்கினால் ஆணியில்தான் தொங்கும்.

துணிப்பையில் முதலில் போவது கைப்பிடி. வாயோரத்தில் ஒரே கோடாகத் தைத்திருந்தால், நாலைந்து கிலோ வெங்காயம் ஏற ஏறச் சில மாதத்தில் பிரிந்துவிடும். பை வாங்கிய கையோடு டெய்லரிடம் கொடுத்து, நுனியை உள்பக்கம் இரண்டு அங்குலம் இறக்கி, சதுரமாகத் தைத்து நடுவே குறுக்கும் மறுக்குமாக ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் துணி நைந்தாலும் பிடி நிற்கும்.

மஞ்சள் நிறத்தில் இருப்பதெல்லாம் மஞ்சப்பை இல்லை. ஓரத்தில் நூல் பிரிகிறதா பாருங்கள். நூலே இல்லாமல், புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருந்தால் அது நான்-வோவன், அதாவது பாலிப்ரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் அதுவும் உண்டு. நம்ம ஊர் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும், பொறுக்கவும் முடியாது. ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தானே என்பார்கள். ஆமாம், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குக் கூடைதான் சரி. காம்பில் இருக்கும் முள் மெல்லிய துணியைத் தாண்டித் தொடையில் குத்தும், பக்கத்துத் தக்காளியையும் ஓட்டை போடும். பேப்பரில் சுற்றி, காம்பு உள்பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு ஓரமாக வையுங்கள்.

கறிக்கடையில் காலி டப்பாவை மூடியோடு தராசில் வைத்து, "டேர் போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட வேண்டும், டப்பா எடையைக் கழித்துவிடுவார். மறந்தால் டப்பா எடைக்கும் ஆட்டுக்கறி விலைதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்குக் கடைக்காரர் சலித்துக்கொண்டால், தட்டிலேயே நிறுத்து டப்பாவில் தள்ளச் சொல்லுங்கள்.

பிரியாணிக்கு அதே டப்பா கொஞ்சம் இடிக்கும். சுடச்சுட மூடினால் ஆவி மூடியில் முத்தாகக் கோத்துச் சோற்றிலேயே சொட்டும். சீரகச் சம்பா குழைந்துவிடும். பத்து நிமிடம் மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் இறுக்குங்கள்.

மீன் வாங்கிய டப்பாவை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் கவிச்சி ஒட்டிக்கொள்ளும். பிறகு புளி போட்டுத் தேய்க்கலாம். அப்படியும் நாற்றம் போகவில்லை என்றால் மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், அழுக்கு அதற்கு அடியில்தான் இருக்கும். வெடித்த வாஷரை மட்டும் பாத்திரக் கடையில் அளவு காட்டி மாற்றிக்கொள்ளலாம்.